பதவியைக் கொடுத்துவிட்டு வந்த காமராஜர் அய்யா



நம்ம மலருக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு தலைவரைப் பற்றி எழுதித் தரணும் என்று கூட்டத்தில் சொன்னாங்க. நான் பத்தாவது வரை படித்தவள். தீர்மான நோட்டு எழுதிப் பழக்கம் உண்டே தவிர, கட்டுரை எழுதி இருபது வருஷம் ஆகுது. ஆனாலும் காமராஜர் என்று பேர் வந்ததும் நான் எழுதுறேன் என்று கை தூக்கிட்டேன். எங்க ஊர் சாத்தூர் பக்கம். 1957லும் 1962லும் அவர் சட்டசபைக்கு நின்று ஜெயித்தது எங்க சாத்தூர் தொகுதியில்தான்.

அவர் பள்ளிக்கூடம் திறந்தது, மதியச் சாப்பாடு போட்டது எல்லாம் நம்ம எல்லோருக்கும் தெரியும். அதையும் எழுதுறேன். ஆனால் அவர் பதவிக்கு எப்படி வந்தார், வந்த பிறகு எப்படி நடந்துக்கிட்டார், எப்படி அதை விட்டு இறங்கினார் என்பதுதான் என் மனசில் அதிகம் தைத்தது. காரணம் இருக்கு. நான் எங்க குழுவில் 11 வருஷமா ஊக்குநரா இருக்கேன். போன வருஷம் எங்க குழுவில் நடந்த ஒரு தப்புக்கு நானே காரணம். அதை நினைச்சுக்கிட்டேதான் அவர் வரலாற்றைப் படிச்சேன்.

காமராஜர் பிறந்தது 1903 ஜூலை 15ஆம் தேதி. ஊர் விருதுபட்டி. இப்போ அதுதான் விருதுநகர். அப்பா குமாரசாமி, அம்மா சிவகாமி அம்மாள். குலதெய்வம் காமாட்சி பேரைத்தான் முதலில் வைத்தாங்க. அம்மா செல்லமாக ராஜா என்று கூப்பிட, இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆயிட்டது. ஒரு தங்கச்சி, பேர் நாகம்மாள்.

ஆறு வயசிலேயே அப்பா இறந்துட்டார். சிவகாமி அம்மாள் சின்ன வயசிலேயே இரண்டு பிள்ளைகளோடு நின்னாங்க. அந்த அம்மா என்ன செய்தாங்க தெரியுமா? காதில் கிடந்த தோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நகையை விற்றாங்க. அந்தப் பணத்தை ஊரில் ஒரு வியாபாரியிடம் போட்டு, மாசா மாசம் வருகிற வட்டியில் குடும்பத்தை ஓட்டினாங்க. அப்போ வங்கியும் இல்லை, குழுவும் இல்லை. இருந்தும் முதலைக் கரைக்காமல் வட்டியில் பிழைக்கிற கணக்கு அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கு.

காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலை பள்ளிக்கூடமும் நமக்குத் தெரிஞ்ச கணக்கில்தான் நடந்தது. சமைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு கைப்பிடி அரிசி தனியாக எடுத்து வைப்பாங்க. அதைச் சேர்த்துத்தான் பள்ளிச் செலவு. பிடி அரிசித் திட்டம் என்று அதற்குப் பேர். நம்ம குழு ஆரம்பித்தபோது கையில் காசு இல்லாத வாரம் பிடி அரிசி சேர்த்தோமே, அதேதான். பெண்கள் பானையில் இருந்து எடுத்து வைத்த அரிசியில் படித்த பையன் பின்னால் இந்த மாநிலத்துக்கே முதலமைச்சர் ஆனார். அதைப் படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

ஆனால் அவராலும் ஆறாவதுக்கு மேல் படிக்க முடியவில்லை. தாய்மாமன் ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றார். கடையில் இருந்தாலும் கவனம் எல்லாம் கூட்டத்திலும் பேப்பரிலும்தான். 1919ல் ஜாலியன்வாலாபாக்கில் மக்களைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்த பிறகு காங்கிரஸ் வேலையில் இறங்கிட்டார். பையன் கெட்டுப் போயிடுவான் என்று பயந்து, திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினாங்க. அங்கே போயும் வைக்கம் போராட்டத்தில் கலந்துக்கிட்டார். கல்யாணம் பேசியும் பார்த்தாங்க. அவர் சம்மதிக்கவில்லை. கடைசி வரைக்கும் தனி ஆள்தான்.

1930ல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரகம் நடந்தது. அதில் கலந்துகொண்டு முதல் தடவையாக சிறைக்குப் போனார். வங்காளத்தில் அலிப்பூர் சிறை வரைக்கும் கொண்டு போனாங்க. அதற்குப் பிறகு போவதும் வருவதுமாக, மொத்தத்தில் 9 வருஷத்துக்குக் கிட்டே சிறையில் கழித்திருக்கார்.

இந்தச் சமயத்தில் நடந்த இரண்டு விஷயம் நம்ம மாதிரி குழு நடத்துகிறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது.

முதலாவது, சத்தியமூர்த்தி அய்யா செய்தது. அவர்தான் காமராஜருக்கு அரசியல் குரு. 1936ல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரசுக்குத் தலைவர் ஆனப்போ காமராஜரைச் செயலாளராக வைத்துக்கொண்டார். 1940ல் காமராஜர் தலைவர் ஆனார். அப்போ சத்தியமூர்த்தி செயலாளர். குருவே சீடனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தார். எனக்குக் கீழே இருந்தவனுக்கு நான் கீழேயா என்று அவர் நினைக்கவில்லை.

இரண்டாவது, காமராஜர் செய்தது. 1941ல் அவர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்தாங்க. விடுதலை ஆகி வந்தவர் நேராக நகராட்சிக்குப் போய் அந்தப் பதவியை ராஜினாமா செய்துட்டார். கட்சி வேலையும் போராட்டமும் இருக்கும்போது இந்த வேலையை ஒழுங்காகப் பார்க்க முடியாது, பார்க்க முடியாத பதவியில் பேருக்கு உட்காரக் கூடாது என்பது அவர் எண்ணம். அவர் இறங்கிய முதல் நாற்காலி அதுதான்.

சுதந்திரம் வருகிற சமயம் நம்ம மாநிலத்துக்குச் சென்னை மாகாணம் என்று பேர். ஆந்திரா, மலபார் பகுதி எல்லாம் சேர்ந்து இருந்தது. அப்போ முதலமைச்சர்கள் அடிக்கடி மாறினாங்க. 1946ல் பிரகாசம் வந்தார். மறு வருஷமே ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1949ல் நம்ம ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா. 1952ல் ராஜாஜி. இவங்கள்ல பல பேர் வருவதிலும் போவதிலும் கட்சித் தலைவர் காமராஜருடைய கை இருந்தது. அந்த நாற்காலியில் தான் உட்காரணும் என்று மட்டும் அவர் போட்டி போடவில்லை.

1953ல் ராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் அப்பா தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஜனங்க அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி எதிர்த்தாங்க. எதிர்ப்பு பெரிசாகி ராஜாஜி பதவி விலகினார். இப்போ நாற்காலி காமராஜரைத் தேடி வந்தது. கட்சிக்குள் ஓட்டெடுப்பு நடந்தது. அவரை எதிர்த்து நின்றவர் சி.சுப்பிரமணியம். அவர் பேரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜர் ஜெயித்து 1954 ஏப்ரல் 13ஆம் தேதி முதலமைச்சர் ஆனார். அப்போ அவர் எம்.எல்.ஏ.கூட கிடையாது, டெல்லியில் எம்.பி. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்துத்தான் சட்டசபைக்கு வந்தார்.

வந்ததும் 8 பேர் கொண்ட சின்ன மந்திரிசபை அமைத்தார். தன்னை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவருக்காகப் பேசின பக்தவத்சலத்தையும் அதில் மந்திரி ஆக்கினார். சுப்பிரமணியத்திடம் கல்வியையும் நிதியையும் கொடுத்தார். எதிர்த்தவங்க என்று பார்க்கவில்லை, வேலை தெரிந்தவங்களா என்றுதான் பார்த்தார். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேஸ்வரனிடம் கோயில்களைப் பார்க்கிற அறநிலையத் துறையைக் கொடுத்தார். கோயிலுக்குள்ளேயே விடாமல் வைத்திருந்த ஜனத்தில் ஒருத்தர் கோயிலுக்கு மந்திரியாகப் போனார். 1957ல் குளச்சலில் ஜெயித்த லூர்தம்மாள் சைமனை உள்ளாட்சித் துறை மந்திரி ஆக்கினார். பெண்ணுக்குப் பொறுப்பு கொடுக்க யோசிக்கிற காலம் அது.

முதல் வேலையாக அந்தக் கல்வித் திட்டம் நின்றது. மூடிக் கிடந்த பள்ளிக்கூடங்கள் திறந்தன. பள்ளி இல்லாத ஊர்களுக்கு ஆயிரக்கணக்கில் புதுசாக வந்தன. ஆனால் பசியோடு இருக்கிற பிள்ளை பள்ளிக்கு எப்படி வரும்? 1920லேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக்காரங்க மதியச் சாப்பாடு போட்டுப் பார்த்திருந்தாங்க. அதை 1956ல் காமராஜர் கிராமங்களுக்குக் கொண்டு போனார். பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் ஆரம்பித்தார். எங்க ஊரில் இருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் எடுத்துச் சொன்னார். அரசாங்கப் பணம் முழுசாக வருகிற வரைக்கும் காத்திருக்கவில்லை. ஊர்க்காரங்க தானியமும் காய்கறியும் காசும் கொடுத்து அடுப்பை மூட்டினாங்க. தன்னைப் படிக்க வைத்த பிடி அரிசியை அவர் மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோணுது.

எங்க அப்பா 1955ல் பிறந்தவர். எங்க தாத்தாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. கரிசக்காட்டில் கூலி வேலைதான். அப்பாவையும் மாடு மேய்க்கத்தான் விட்டிருப்பாங்க. மத்தியானம் ஒரு நேரம் சோறு கிடைக்கும் என்றுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாங்களாம். சோற்றுக்குப் போனேன், எழுத்து வந்துட்டது என்று அப்பா சிரிச்சுக்கிட்டே சொல்லுவார். அப்பாவுக்கு எழுத்து வந்ததனால்தான் என்னைப் பத்தாவது வரைக்கும் நிறுத்தாமல் படிக்க வைத்தார். நான் இன்றைக்கு நோட்டு எழுதுறேன் என்றால் அந்தச் சோறுதான் காரணம்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்றேன். வைகை அணை, சாத்தனூர் அணை, மணிமுத்தாறு அணை, கிருஷ்ணகிரி அணை எல்லாம் அவர் காலத்தில் தண்ணீர் தேக்கியவை. நெய்வேலியில் நிலக்கரி, பெரம்பூரில் ரயில் பெட்டி, கிண்டியில் தொழிற்பேட்டை, திருச்சியில் பாய்லர் தொழிற்சாலை என்று தொழில் வந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. 1958ல் வந்த பஞ்சாயத்துச் சட்டத்தினால் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. நம்ம கூட்டத்துக்கு ஒன்றிய அலுவலகம் போறோமே, அந்த ஒன்றியம் அப்படி வந்ததுதான்.

இவ்வளவும் செய்தவர் வீடு எப்படி இருந்தது? விருதுநகரில் அவர் வீட்டை இப்போ நினைவு இல்லமாக வைத்திருக்காங்க. எங்க குழுவில் ஒரு தடவை எல்லோரும் போய் வந்தோம். நம்ம தெருவில் இருக்கிற மாதிரி சின்ன வீடுதான். மகன் முதலமைச்சராக இருந்தபோதும் சிவகாமி அம்மாள் அங்கேதான் இருந்தாங்க. மாசச் செலவுக்கு அளவான பணம்தான் அனுப்புவார். அந்த வீட்டுக்குத் தனியாக முனிசிபாலிட்டிக் குழாய் போட்டதைக்கூட எடுக்கச் சொல்லிட்டார் என்று எங்க பக்கம் சொல்லுவாங்க. பதவி அவருடையது, வீட்டுடையது இல்லை என்று நினைத்திருக்கார். பெற்ற தாய்க்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்றும் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அந்த அம்மாவின் பொறுமையையும் நாம கும்பிடணும்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன்.

1963. மூன்று தேர்தல் முடிந்து கட்சி பலமாகத்தான் இருந்தது. அவரை இறங்கச் சொல்ல ஆளே இல்லை. அவருக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. தலைவர்கள் எல்லாம் பதவியில் உட்கார்ந்துட்டா ஜனங்களிடம் போக ஆள் இல்லை, கட்சி உள்ளே பலவீனம் ஆகுது. மூத்தவங்க பதவியை விட்டுட்டுக் கட்சி வேலைக்குப் போகணும் என்று நேருவிடம் ஒரு யோசனை சொன்னார். காமராஜர் திட்டம் என்று அதற்குப் பேர். மொத்தம் 6 முதலமைச்சர்களும் 6 மத்திய மந்திரிகளும் பதவி விலகினாங்க. யோசனை சொன்னவர் தானும் இறங்கினார். 1963 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்றைக்கு ஒன்பதரை வருஷ நாற்காலியை விட்டு எழுந்தார். அதில் உட்கார்ந்தவர் யார்? 1954ல் அவருக்கு எதிராக இன்னொருத்தர் பேரை முன்மொழிந்த அதே பக்தவத்சலம்தான்.

டெல்லிக்குப் போன காமராஜர் அகில இந்தியக் காங்கிரசுக்குத் தலைவர் ஆனார். 1964ல் நேரு இறந்ததும் லால் பகதூர் சாஸ்திரியைப் பிரதமர் ஆக்கினார். 1966ல் சாஸ்திரியும் இறந்ததும் இந்திரா காந்தியைக் கொண்டு வந்தார். இரண்டு தடவையும் அவர் தனக்கு என்று கேட்கவில்லை.

நல்லதை மட்டும் எழுதினால் அது முழுக் கதை ஆகாது. அவர் இறங்கிய பிறகு இங்கே எல்லாம் நல்லபடியாகப் போயிடவில்லை. 1965ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பெரிசாக வெடித்தது. அரிசிப் பஞ்சமும் வந்தது. 1967 தேர்தலில் காங்கிரஸ் தோற்று அண்ணா முதலமைச்சர் ஆனார். காமராஜரே தன் சொந்த ஊர் விருதுநகரில் மாணவர் தலைவராக இருந்த சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அதற்குப் பிறகு அந்தக் கட்சி இங்கே ஆட்சிக்கு வரவே இல்லை. அவர் இறங்காமலே இருந்திருக்கலாம் என்று எங்க ஊர்ப் பெரியவங்க இன்றைக்கும் ஆதங்கப்படுவாங்க. நானும் அதை ரொம்ப நாள் யோசித்தேன். கொடுத்துட்டு வந்தால் கெட்டுப் போகும் என்றால் எதற்குக் கொடுக்கணும்?

அப்புறம் அந்தச் சோற்றுப் பானையை நினைத்துப் பார்த்தேன். பக்தவத்சலம் வந்தார், அண்ணா வந்தார், கருணாநிதி வந்தார், மதியச் சாப்பாடு நிற்கவில்லை. 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிசாக்கினார். நான் சாப்பிட்டது அந்தச் சோறு. கருணாநிதி முட்டை சேர்த்தார். ஜெயலலிதா காலத்தில் கலவை சாதம் வந்தது. 2022ல் ஸ்டாலின் காலை உணவு கொண்டு வந்தார். அந்தக் காலை உணவைச் சமைக்கிறது நம்ம சுய உதவிக்குழுப் பெண்கள்தான். எங்க குழுவிலேயே 2 பேர் விடியற்காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் அடுப்புப் பற்ற வைக்கிறாங்க. கட்சி வேறு, ஆள் வேறு. ஆனாலும் ஒருத்தர் மூட்டின அடுப்பை அடுத்தவர் அணைக்கவில்லை. ஆள் மாறினாலும் நிற்காத வேலையைத்தான் காமராஜர் செய்து வைத்துட்டுப் போயிருக்கார்.

நான் அப்படிச் செய்யலை. அதைத்தான் இங்கே ஒத்துக்கணும்.

எங்க குழுவில் 14 பேர். ஊக்குநர் பொறுப்பைக் குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றணும் என்று எங்க தீர்மான நோட்டில் நானே எழுதி வைத்திருக்கேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் நீயே இரு என்று அவங்க சொல்லுவாங்க, நானும் சரி என்று சொல்லிடுவேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தங்கச்சி, எனக்கும் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுங்க அக்கா என்று கேட்டா. தப்பு வந்துடும் என்று சொல்லிட்டேன். உண்மையில் எனக்குப் பயம். கூட்டத்தில் என்னை எதிர்த்துக் கேள்வி கேட்கிறவ அவ.

போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சு. இரண்டு மாசம் எழுந்திருக்க முடியலை. நோட்டு எல்லாம் என் வீட்டு டிரங்குப் பெட்டியில். சாவி என்கிட்டே. யார் எவ்வளவு கட்டணும் என்று யாருக்கும் தெரியலை. வங்கிக் கடன் தவணை இரண்டு மாசம் தவறிப் போச்சு. அபராத வட்டி விழுந்தது. வர வேண்டிய அடுத்த கடன் தள்ளிப் போச்சு. அந்தக் கடனை நம்பி மகளைக் காலேஜில் சேர்த்த அக்கா ஒருத்தங்க, ஃபீஸ் கட்ட வழியில்லாமல் கந்துவட்டிக்கு வாங்கினாங்க. இன்னும் அதைக் கட்டிக்கிட்டு இருக்காங்க. என்னை ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

காமராஜர் இறந்ததும் ஒரு அக்டோபர் 2தான், 1975ல். சென்னையில் அவர் இருந்த வீட்டில் உயிர் பிரிந்தது. சொந்த வீடு, சொத்து எதுவும் அவருக்குக் கிடையாது. மறு வருஷம் பாரத ரத்னா கொடுத்தாங்க. அவர் பிறந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாள் என்று நம்ம பிள்ளைகள் பள்ளியில் கொண்டாடுறாங்க.

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கிறதுக்கு முந்தின வாரமே டிரங்குப் பெட்டி குழுக் கட்டிடத்துக்குப் போயிடுச்சு. மாசம் 2 பேர் என்று கணக்கு எழுதிப் பழகுறாங்க. முதல் மாசம் எழுதினதில் கூட்டல் தப்பு இருந்தது. எல்லோருமா உட்கார்ந்து சரி பண்ணினோம். அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் பொறுப்புக்கு, கேள்வி கேட்கிற அந்தத் தங்கச்சி பேரை நான்தான் முன்மொழியப் போறேன். தீர்மானம் நிறைவேறினதும் வங்கியில் கையெழுத்து மாற்றணும். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்க குழு நோட்டில் அவ கையெழுத்து இருக்கும். அவ பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் சொல்லிக் கொடுக்கலாம் என்று இருக்கேன். சத்தியமூர்த்தி அய்யாவே உட்கார்ந்திருக்கார், நான் உட்காரக் கூடாதா?

உங்க குழுவிலும் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கு என்று ஒரு தடவை பாருங்க சகோதரிகளே.